நூல் சுற்றிய மோதிரமும் ஒரு 'வெரி குட்'டும்

மயிலாத்தாளின் நோட்டில் நான் 'வெரி குட்' போட்ட மாலையில் வெளியே தூறிக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. சிங்காநல்லூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறைதான் என் வகுப்பு. கீழே பத்துப் பதினைந்து மெஷின்கள் விடாமல் தட்டும். மேலே தூறல் தட்டும். இரண்டுக்கும் நடுவில் தொண்டை கிழியக் கத்தி, நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன்.

மயிலாத்தாள் கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். அவருடைய நோட்டைப் பிரித்தேன். நான்கு வாக்கியம். நான்கிலும் பிழை இல்லை. சிவப்புப் பேனாவால் பெரிதாக டிக் போட்டு, கீழே 'வெரி குட்' என்று எழுதினேன். அவர் சேர்ந்து நான்கு மாதத்தில் முதல் 'வெரி குட்'.

நோட்டை வாங்கிப் பார்த்தவர், அந்த இரண்டு சொல்லின் மேல் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். "ரொம்பச் சந்தோசமுங்க மிஸ்" என்றார்.

அன்றைக்கு அவர் வீட்டில் ஓர் உயிர் போய்க்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியாது என்று இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். தெரியாது என்பது சரியில்லை. எனக்கு எழுத்து மூலம், தேதி போட்டு, வாரா வாரம் தெரிவிக்கப்பட்டிருந்தது.

ஒரு வாசகியின் கடிதம்

போன வாரம் அந்த மாடி அறையைப் பற்றியும், மின்வெட்டில் மெழுகுவர்த்தி வைத்துப் பாடம் நடத்தியது பற்றியும் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, உங்களிடம் படித்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று எழுதியிருக்கிறார். மயிலாத்தாளைப் பற்றி இந்தத் தொடரில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் இதுவரை எழுதிய அத்தனையும் பீற்றல் ஆகிவிடும்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மில்கள் ஒவ்வொன்றாகச் சங்கை நிறுத்திக்கொண்டிருந்த காலம். அதுவரை சங்குச் சத்தத்துக்கு அரிசி களைந்து உலை வைத்த பெண்கள், இனிமேல் கடிகாரம் பார்க்க வேண்டியதாயிற்று. எனக்கு அப்போது இருபத்தாறு. ஆங்கிலத்தில் எம்.ஏ., கல்லூரி வேலை கிடைக்கவில்லை, வாயும் கொஞ்சம் நீளம். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், வயிற்றுப்பாட்டுக்கு இங்கிலீஷ் என்று நானே என்னைக் கிண்டல் செய்துகொள்வேன்.

மயிலாத்தாள் ஒரு மில்லில் கோன் வைண்டிங் பிரிவில் இருந்தவர். நூலைக் கோனில் சுற்றுகிற வேலை. அவருடைய கணவர் ரங்கசாமியும் அதே மில்தான். மில் மூடியதும் அவர் மதுக்கரைப் பக்கம் லாரிக்கு லோடு ஏற்றப் போனார். ஒன்பதாவது படிக்கிற ஒரே பெண், கோகிலா. திருப்பூர் போகிற வழியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை இருந்தது. ஆனால் துணியில் என்ன குறை என்பதை ஆங்கிலத்தில் நாலு வரி எழுதத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் என்னிடம் வந்து சேர்ந்தார். பத்தாவது வரை படித்திருந்ததால் எழுத்துகள் தெரியும். மீதியை மறந்திருந்தார்.

டிராஸ்டிக்

என் வகுப்பில் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். வாரத்துக்கு ஐந்து புதுச் சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். ஒவ்வொன்றுக்கும் வாக்கியம் எழுதி வர வேண்டும். புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை போட்ட சொல், 'டிராஸ்டிக்'.

"பெரிசுன்னு அர்த்தமில்லை. ஆளையே அடையாளம் தெரியாம ஆக்குற மாதிரி மாறினா, அதுக்குத்தான் இது. கொஞ்சம் மாறினா இந்தச் சொல்லைப் போடக்கூடாது" என்றேன்.

லேத் பட்டறையில் வேலை பார்க்கிற சண்முகம் உடனே கையைத் தூக்கினான். அந்த வகுப்பின் விகடகவி அவன்தான்.

"எங்க மொதலாளி டிராஸ்டிக்குங்க மிஸ்."

"உங்க முதலாளி அப்படியேதான இருக்காரு? மாறினாத்தான் சொல்லலாம்."

"அப்ப மாறட்டும், சொல்லிக்கலாமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெண் 'டிராஸ்டிக் கூட்டமாக பஸ் வந்தது' என்று எழுதி வந்தாள். இன்னொருவர் 'என் மனைவியின் சாம்பார் டிராஸ்டிக்' என்று எழுதியிருந்தார். அது ஒருவேளை உண்மையாக இருக்கலாம் என்று நான் விட்டுவிட்டேன்.

மயிலாத்தாள் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன். 'மூன்று மாதத்தில் என் கணவரின் எடையில் டிராஸ்டிக்கான மாற்றம் ஏற்பட்டுள்ளது. கல்யாணத்துக்குப் போட்ட மோதிரம் அவர் விரலில் நிற்பதில்லை. நான் அதில் நூல் சுற்றிக் கொடுத்திருக்கிறேன்.'

வகுப்பிலேயே அந்தச் சொல்லைச் சரியாகப் பயன்படுத்தியவர் அவர் ஒருவர்தான். நான் அதை எல்லோருக்கும் வாசித்துக்கூடக் காட்டினேன். "பாருங்க, எடை குறைஞ்சதுன்னு சொல்லி நிறுத்தலை. மோதிரத்துல நூல் சுத்தினதாச் சொல்றாங்க. என்ன கற்பனை!" என்றேன். மயிலாத்தாள் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கூச்சப்படுகிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

நோட்டில் ஓரத்தில் எழுதினேன்: 'நல்ல கற்பனை. ஆனால் ஏன் எப்போதும் சோகம்? அடுத்த முறை இதே சொல்லை வைத்துச் சந்தோஷமாக எழுதிப் பாருங்கள்.'

பொய் எழுதலாம் என்ற விதி

கற்பனை என்று எப்படி நினைத்தேன் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு என் வகுப்பில் இருந்த விதியைச் சொல்ல வேண்டும்.

ஆரம்பத்தில் யாருக்குமே எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. "எழுதறதுக்கு என்னங்க மிஸ் இருக்குது? காலைல லேத்து, சாயங்காலம் லேத்து" என்றான் சண்முகம். நான் உற்சாகத்தில் ஒரு சட்டம் போட்டேன். நடந்ததைத்தான் எழுத வேண்டும் என்று இல்லை. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, இங்கிலீஷ் சரியாக இருந்தால் போதும்.

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. சண்முகத்துக்கு இரண்டு ஹெலிகாப்டர் வந்தது. ஒன்று ரிப்பேரில் இருந்தது. ஒரு மளிகைக்கடைப் பெண்ணுக்கு லண்டனில் மூன்று மாமன்கள் முளைத்தார்கள். வாரா வாரம் ஒரு மாமன் பாசத்தோடு கடிதம் போட்டார். நோட்டுத் திருத்துவது எனக்குக் கதை படிப்பது மாதிரி ஆகிவிட்டது.

மயிலாத்தாள் இதற்குப் பத்து நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தார். பொய் எழுதலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்தது அவருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன். ஹெலிகாப்டர்களுக்கும் லண்டன் மாமன்களுக்கும் நடுவில் அவருடைய வாக்கியங்கள் வந்தபோது, இந்த அம்மாளுக்குச் சோகக் கதை பிடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

என்னென்ன எழுதினார் தெரியுமா? தயக்கம் என்ற பொருளில் ஒரு சொல் கொடுத்தேன். 'என் கணவர் மருத்துவமனைக்குப் போகத் தயங்குகிறார்' என்று எழுதினார். தனி என்ற பொருளில் ஒரு சொல். 'அவருடைய தட்டும் டம்ளரும் தனி. நாங்கள் அதைப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறோம்.' நிறுத்துவது என்ற பொருளில் ஒரு சொல். 'இருமல் குறைந்ததும் அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார்.'

மாத்திரைக்கு முன்னால் 'தி' போட மறந்திருந்தார். நான் போட்டுக்கொடுத்தேன்.

சிவப்பு மை வந்த வழி

இந்தத் திருத்துகிற வியாதி எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா அவிநாசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது ஒரு தடவை காய்ச்சல் வந்து நான்கு நாள் எழுந்திருக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் அப்பாவுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பது அவர் உத்தரவு.

பதில் வந்தது. உறையைப் பிரித்தால் என்னுடைய கடிதமே உள்ளே இருந்தது. காய்ச்சலால் அவதி என்பதற்கு நான் 'சஃபரிங் வித்' என்று எழுதியிருந்தேன். அதை அடித்து, 'சஃபரிங் ஃப்ரம்' என்று சிவப்பு மையில் திருத்தியிருந்தார். இரண்டு இடத்தில் கமா சேர்த்திருந்தார். அடியில் பொடி எழுத்தில், 'உடம்பைப் பார்த்துக்கொள்.'

நான் அந்தக் கடிதத்தைக் கிழித்து ஜன்னல் வழியாகப் போட்டேன். பக்கத்துக் கட்டில் பெண்ணின் மடியில் படுத்து, எனக்கு அப்பாவே இல்லை என்று அழுதேன். இரண்டு வருஷம் அவரோடு சரியாகப் பேசவில்லை.

அப்படிப்பட்ட நான்தான் மயிலாத்தாளின் மாத்திரைக்கு முன்னால் 'தி' போட்டேன். அப்பாவாவது அடியில் ஒரு வரி எழுதினார். நான் அதுகூட எழுதவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். என் அம்மாவின் தம்பி, என் மாமா, நெஞ்சு நோய்க்கான ஒரு மருத்துவமனையில் மருந்து கொடுக்கிற பிரிவில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். கோழிக்குழம்பைப் பிசைந்தபடி வாரா வாரம் ஒரே புலம்பல்தான். "இருமல் கொறஞ்சா மாத்திரைய நிறுத்திப்போடறாங்க கண்ணு. முழுசாத் தின்னா எந்திரிச்சு உக்காந்துக்குவாங்க. சும்மாதான குடுக்கறோம், வந்து வாங்கறதுக்கு என்ன கேடு?"

ஞாயிறு மத்தியானம் இதைக் காதால் கேட்பேன். திங்கள் மாலை அதையே நோட்டில் படிப்பேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஒன்று சாப்பாட்டுப் பேச்சு, இன்னொன்று இங்கிலீஷ்.

அவர் எழுதிய ஒரே பொய்

சந்தோஷமாக எழுதுங்கள் என்று சொன்னேன் அல்லவா? மயிலாத்தாள் பெரியவர்கள் சொல்லைத் தட்டாதவர். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர், ஆனாலும் சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் நான் அவருக்குப் பெரியவள்.

அந்தத் தூறல் மாலையில் அவர் எழுதி வந்த நான்கு வாக்கியம் இதுதான். 'என் கணவரின் உடல்நிலையில் டிராஸ்டிக்கான முன்னேற்றம் ஏற்பட்டுள்ளது. அவர் இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறார். நேற்று வாசல் வரை தானே நடந்தார். மோதிரத்தில் இருந்த நூலை நாங்கள் பிரித்துவிட்டோம்.'

உண்மையில் அந்தச் சொல் நல்ல மாற்றத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது. கெடுதல், வெட்டு, குறைவு, இவற்றோடுதான் அது ஒட்டும். எனக்குத் தெரியும். இருந்தாலும் அழுமூஞ்சிக் கதையை விட்டு இந்த அம்மா வெளியே வந்தாரே என்ற மகிழ்ச்சியில் விட்டுவிட்டேன். விட்டதோடு 'வெரி குட்'டும் போட்டேன்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். எட்டாம் நாள் சண்முகம் படியேறி வந்து, வழக்கமான கிண்டல் எதுவும் இல்லாமல் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றான்.

"ஏனுங்க மிஸ், மயிலாத்தாக்கா ஊட்டுக்காரரு தவறிட்டாருங்க. ஒரு வாரமாச்சாம். எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

"எப்படி?" என்று கேட்டேன்.

"ஒடம்பு சரியில்லாம இருந்தாருன்னு சொல்றாங்க. என்ன ஏதுன்னு ஆருக்கும் தெரியிலீங்க."

கீழே மெஷின்கள் தட்டிக்கொண்டிருந்தன. வகுப்பை விட்டுவிட்டுப் படியிறங்கினேன்.

லைன் வீடு

மில்காரர்கள் இருந்த லைன் வீடுகளில் கடைசிக்கு முந்தினது அவருடையது. ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொண்ட வீடுகள். இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். அந்த இடத்தில் ஓர் இருமலை மாதக்கணக்கில் எப்படி மறைத்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வார்களாம். பின்னால் கோகிலா சொன்னாள்.

மயிலாத்தாள் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கையைப் பிடித்ததும் அழுதார். நானும் அழுதேன். அதுவரை எல்லாம் சாவு வீட்டு முறைப்படிதான் நடந்தது.

பிறகு என் உள்ளங்கையில் ஏதோ உறுத்தியது. குனிந்து பார்த்தேன். அவருடைய கட்டைவிரலில் ஓர் ஆண்பிள்ளை மோதிரம். அதன் அடிப்பக்கத்தில் வெள்ளை மில் நூல், சுற்றுமேல் சுற்றாக, பென்சில் பருமனுக்கு. கோனில் சுற்றுகிற கை சுற்றிய சுற்று, ஒரு இழை விலகாமல் இருந்தது. நூலைப் பிரித்திருக்கவில்லை. மேலே மேலே சுற்றிக்கொண்டே வந்திருக்கிறார்.

பானைக்குப் பின்னால் பார்த்தேன். ஒரு தட்டும் டம்ளரும் துணியில் கட்டி வைத்திருந்தது.

ஒவ்வொரு வாக்கியமாக எனக்கு ஞாபகம் வந்தது. நான் திருத்திய இடங்களோடு சேர்ந்து ஞாபகம் வந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"சொன்னனுங்களே மிஸ். நோட்டுல எல்லாம் எழுதுனனே. நீங்கதான் படிச்சீங்களே."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பக்கத்து வீட்டுச் சுவரை ஒரு பார்வை பார்த்தார்.

"இந்தச் சீக்கு வெளிய தெரிஞ்சா கொழாயில தண்ணி புடிக்க உட மாட்டாங்க. புள்ளைக்கு நாளைக்கு ஒரு கண்ணாலம் காச்சி நடக்குமுங்களா? தமிழ்ல வாயத் தொறந்து ஆருகிட்டயும் சொல்ல முடியிலீங்க. இங்கிலீஷ்ல எழுதறப்ப ஆருக்கோ நடக்கறாப்பல இருந்துச்சு. இந்த லைன்ல ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாது. உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்."

"அக்கா..."

"நாலு மாசம் எல்லாந் தெரிஞ்சும் வகுப்புல ஒரு வார்த்தை கேக்கலீங்க நீங்க. அன்னைக்கு எல்லாருக்கும் படிச்சுக் காட்டுனப்பக்கூட, கற்பனைன்னு சொல்லி மூடி மறச்சீங்க பாருங்க. அந்தப் பெருந்தன்மை ஆருக்கு வருமுங்க?"

இந்தப் பக்கத்து மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ரொம்பச் சிலாகிப்பார்கள். எதற்கெடுத்தாலும் 'ங்க' போடுகிறோம், மனம் நோகப் பேச மாட்டோம் என்பார்கள். நிஜம்தான். அடுத்தவர் வீட்டுக் கஷ்டம் கண்ணில் பட்டாலும் படாத மாதிரி போவது எங்கள் பண்பு. மயிலாத்தாள் தன்னிடமிருந்த அந்தப் பண்பு என்னிடமும் இருக்கிறது என்று நம்பிவிட்டார். என்னிடம் இருந்தது வெறும் சிவப்புப் பேனா.

"சந்தோசமா எழுதச் சொன்னீங்களே, அன்னைக்கு எழுதறப்ப எனக்கே கொஞ்சம் தெம்பா இருந்துச்சுங்க" என்றார். "வெரி குட்டு போட்ட பக்கத்த அவர்கிட்டக் காட்டுனன். சிரிச்சாரு. அதுக்கப்பறம் சிரிக்கலீங்க."

சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அந்த வழக்கம் அன்றைக்கு எனக்கு வசதியாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தேன்.

இருமல் என்ற சொல் கொடுக்கவில்லை

கார்த்திகையில் மயிலாத்தாள் மறுபடி வகுப்புக்கு வந்தார். பனியன் கம்பெனி வேலை இன்னும் காத்திருந்தது. நெற்றி வெறுமையாக, அதே கடைசி பெஞ்சு. கட்டைவிரலில் மோதிரம்.

முதல் வாரத்து நோட்டைப் பிரித்தேன். அடிக்கடி என்ற பொருளில் ஒரு சொல் கொடுத்திருந்தேன். அவர் எழுதியிருந்தார்: 'என் மகள் காலை நேரத்தில் அடிக்கடி இருமுகிறாள்.'

நான் பேனாவைக் கீழே போட்டேன். அது உருண்டு பெஞ்சுக்கு அடியில் போயிற்று. "எத்தனை நாளா?" என்று கத்தினேன். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது. மயிலாத்தாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்போதுதான் நான் அவரை வெளியே வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் காலையில் தாயையும் மகளையும் பஸ் ஏற்றி மாமாவின் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். லைனில் கேட்டவர்களிடம், மிஸ் வீட்டில் விசேஷம் என்று மயிலாத்தாள் சொல்லி வைத்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள், சளி பரிசோதித்தார்கள். காசநோய், ஆரம்ப நிலைதான். மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டால் போதும் என்றார் டாக்டர். மாமாவே மாத்திரைகளை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். கோகிலா, இதில் படிப்பு நின்றுவிடுமா என்று மட்டும் கேட்டாள்.

மாமா மயிலாத்தாளிடம் விவரம் கேட்டார். எத்தனை நாள் இருமல், எப்போது மாத்திரையை நிறுத்தினார், எப்போது போனார். கேட்டுக்கொண்டே வந்தவர் என் பக்கம் திரும்பினார்.

"இந்தம்மா உன்ர கிளாஸ்லதான கண்ணு படிக்கறாங்க? ஆவணில ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா அந்த மனுசன..."

முடிக்கவில்லை. அதற்குள் மயிலாத்தாள் குறுக்கே வந்துவிட்டார்.

"மிஸ் சொல்ல மாட்டாங்கய்யா. அடுத்தவிய ஊட்டுச் சமாச்சாரத்த வெளிய உடற ஆளில்லீங்க அவிய. நாங்கதான் கேட்டிருக்கோணும். எங்க தப்புங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். இரண்டு நுரையீரல் வரைந்த படம். அதன் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததில் ஒரு பிழை இருந்தது. அந்த நேரத்திலும் அது என் கண்ணில் பட்டது. என்னைவிடக் கேவலமான பிறவி யார் இருக்க முடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாண வீட்டில்

கோகிலா பிழைத்துக்கொண்டாள். மாத்திரை முடிந்த மாதத்தில் கன்னத்தில் சதை வைத்து, பின்னல் தடித்து, வேறு பெண்ணாகிவிட்டாள். மயிலாத்தாளுக்குக் கம்பெனி வேலையும் கிடைத்தது. நான் பிறகு ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாறிப்போனேன். நோட்டுத் திருத்தும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பேனா இல்லாமல். இதனால் என் நோட்டுகள் எப்போதும் தாமதம், ஹெட்மிஸ்ட்ரஸிடம் எப்போதும் திட்டு.

அந்தப் பத்தாண்டு முடிகிற சமயத்தில் கோகிலாவுக்குக் கல்யாணம், அவிநாசியில். ஒறம்பரைக் கூட்டம், சொந்தபந்தம் எல்லாம், மண்டபம் கொள்ளாமல் இருந்தது. மயிலாத்தாள் ஓரமாகத்தான் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் வந்து கையைப் பிடித்து, சமையல்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த அறைக்குக் கூட்டிப்போனார். கட்டைவிரலில் மோதிரம் இல்லை.

"புள்ளைக்குப் போட்டுட்டனுங்க. ஆசாரிகிட்டக் குடுத்து அளவு கொறச்சு" என்றார். பிறகு இடுப்பிலிருந்து ஒரு சின்னச் சுருளை எடுத்துக் காட்டினார். பழுப்பேறிய வெள்ளை நூல். "போன வாரந்தானுங்க நூலப் பிரிச்சேன். அன்னைக்கு நோட்டுல எழுதுனது இப்பத்தான் நெசமாச்சு."

நான் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். அக்கா, உங்களுக்கு ஒன்று தெரியாது என்று தொடங்கியும்விட்டேன்.

"நீங்க ஒன்னுஞ் சொல்ல வேண்டாமுங்க மிஸ்" என்று என் கையை அழுத்தினார். "எங்க ஊட்டுக் கதைய நெஞ்சுக்குள்ளயே வெச்சுக் காப்பாத்துனவிய நீங்க. இன்னைக்கு என்ர புள்ள மணவறைல உக்காந்திருக்கான்னா அதுக்கு நீங்கதான் காரணம். வாங்க, பந்தி போட்டாச்சு."

போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம் இரண்டு தடவை போட்டார்கள்.

கோகிலா இப்போது திருப்பூரில் இருக்கிறாள். அவள் வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள் என்றும், அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டதால் இந்தத் தொடரை அவள்தான் வாரா வாரம் படித்துக் காட்டுகிறாள் என்றும் கேள்விப்பட்டேன். ஊர் பேரையும் ஆள் பேரையும் மாற்றி எழுதியிருக்கிறேன். வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் மோதிரத்தில் நூல் வந்ததும் அவர்கள் இருவருக்கும் தெரிந்திருக்கும்.

அக்கா, நீங்கள் நினைத்த மாதிரி நான் எதையும் மூடி மறைக்கவில்லை. நீங்கள் நான்கு மாதமாக எழுதியதை நான் படிக்கவே இல்லை. திருத்தினேன், அவ்வளவுதான்.